பத்து லட்சம் பேர் வரப்போகிறார்கள், எங்கே குடிவைப்பது? யூட்டா மக்களைக் கேட்டு அளந்த ஒரு வட்டாரத் திட்டம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் வரைபடத்தில் பெரிதாகத் தெரியும். ஆனால் மக்கள் நெருக்கமாக வாழும் நிலம் ஒரு ஒடுங்கிய பட்டை மட்டுமே. கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர், மேற்கே பெரிய உப்பு ஏரி, அதைத் தாண்டினால் பாலைவனம். வடக்கே பிரிகாம் சிட்டியில் தொடங்கி தெற்கே நீஃபை வரை நீளும் இந்தப் பகுதியில் 10 கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) 88 நகரங்களும் சிற்றூர்களும் இருந்தன. 1990களின் பிற்பகுதியில் இங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 17 லட்சம் பேர், மாநில மக்கள்தொகையில் 80 சதவீதம். 2020க்குள் இன்னும் 10 லட்சம் பேர் கூடுவார்கள் என்றும், 2050இல் மொத்தம் 50 லட்சத்தைத் தொடும் என்றும் கணித்தார்கள். அப்படிக் கூடுபவர்களில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருபவர்கள் அல்ல, அங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகள். இந்த ஒரு தகவல் பிறகு நடந்த எல்லாப் பேச்சுவார்த்தைகளின் தொனியையும் மாற்றியது. அந்நியரை அல்ல, தன் பேரப்பிள்ளையை எங்கே குடிவைப்பது என்பதுதான் கேள்வி என்றானது.

இடம் குறைவு என்பது மட்டும் சிக்கல் இல்லை. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால் குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று கீழே தேங்கி, வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடிபோல் உட்கார்ந்துவிடும். வண்டிப் புகையும் வீட்டுப் புகையும் மேலே போக வழியின்றி நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். எத்தனை பேர் எவ்வளவு தூரம் கார் ஓட்டுகிறார்கள் என்பது அந்த ஊரில் சாலைத்துறையோடு முடிகிற கணக்கு இல்லை. அது குழந்தைகளின் மூச்சோடு சேர்ந்த கணக்கு.

இந்த நிலையில் 1997இல் தொடங்கியதுதான் 'என்விஷன் யூட்டா'. ஒரு வட்டாரத்தின் வாழ்தகுதியை, அதாவது அங்கே வாழ்வது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை, மக்களிடமே கேட்டு அளந்து, அதைத் திட்டமாக மாற்றப் பார்த்த முயற்சிகளில் இதைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். எல்லாம் வெற்றி என்பதற்காக இல்லை. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு இப்போது போதுமான காலம் ஓடியிருக்கிறது.

கையில் அதிகாரம் இல்லாத அமைப்பு

யூட்டா மக்களுக்கு 'திட்டமிடல்' என்றாலே ஒரு தயக்கம் உண்டு. மாநில அளவில் நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த சட்டமன்றம் கொண்டுவந்த ஒரு சட்டத்தை 1974இல் பொதுவாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். 1992இல், இலகு ரயில் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்துக்காக விற்பனை வரியைக் கூட்டலாமா என்று கேட்டபோதும், தலைநகர் அமைந்த சால்ட் லேக் கவுண்டி மக்கள் வேண்டாம் என்றார்கள். 'என் நிலம், என் விருப்பம்' என்கிற மனநிலை வேரோடிய மாநிலம் அது.

ஆகவே என்விஷன் யூட்டா அரசுத் துறையாக உருவாகவில்லை. தொழிலதிபர்கள், மேயர்கள், நிலம் வாங்கி வீடு கட்டுபவர்கள், இயற்கை ஆர்வலர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் கூட்டமைப்பாக அது இருந்தது. தலைமை ஏற்ற ராபர்ட் குரோ, ஜெனிவா ஸ்டீல் என்ற உருக்காலையின் தலைவராக இருந்தவர். அன்றைய ஆளுநர் மைக் லீவிட் குடியரசுக் கட்சிக்காரர், அவர் இதற்கு ஆதரவாக நின்றார். யாருக்கும் எதையும் கட்டளையிடும் உரிமை இந்த அமைப்புக்குக் கிடையாது. ஒரு நகராட்சியின் மனை அளவு விதியைக்கூட அதனால் மாற்ற முடியாது. கையில் அதிகாரம் இல்லாததால், மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை மற்றவர்களைவிடத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. அதன் அளவீட்டு முறை மெருகேறியதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

"அது உங்களுக்கு ஏன் முக்கியம்?"

வாழ்தகுதியை அளக்கப் புறப்படுகிற பலர் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். பூங்காக்கள் எத்தனை, மருத்துவமனைப் படுக்கைகள் எத்தனை, தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது. அப்புறம் மக்களிடம் போய், "இவற்றில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள்" என்பார்கள். பட்டியலைப் போட்டது நிபுணர், மதிப்பெண் போடுவது மட்டும் மக்கள்.

யூட்டாவில் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்க அதிபர் ரீகனின் தேர்தல் கணிப்பாளராக இருந்த ரிச்சர்ட் விர்த்லினின் நிறுவனத்தைக் கொண்டு 1997இல், மக்கள் எதை மதிக்கிறார்கள் என்று அறிய ஒரு விழுமியங்கள் ஆய்வு நடத்தினார்கள். ஒருவரை உட்காரவைத்து, இங்கே வாழ்வதில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று கேட்பார்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் மறுகேள்வி ஒன்றுதான்: அது உங்களுக்கு ஏன் முக்கியம்?

போக்குவரத்து நெரிசல் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். ஏன்? நேரம் வீணாகிறது. நேரம் மிச்சமானால் என்ன? சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். போனால்? பிள்ளைகளோடு இருக்கலாம். அது ஏன் முக்கியம்? நல்ல பெற்றோராக இருக்கிறோம் என்ற மனநிறைவு. சாலையில் தொடங்கியது குடும்பத்தில் வந்து நிற்கிறது. பலரிடம் இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், வேறு வேறு இடங்களில் தொடங்கிய பதில்கள் மேலே போகப் போக ஒரே இடத்தில் சேர்வது தெரியும். யூட்டாவில் அப்படிச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது மன அமைதி.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 'நெரிசல்' என்பது மட்டும் அளவுகோலாக இருந்தால் தீர்வு இன்னொரு பாலம், இன்னொரு வழித்தடம் என்று போய்விடும். 'வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரம்' அளவுகோலானால், வீட்டையும் வேலையிடத்தையும் பக்கத்தில் வைப்பதும் தீர்வாகிவிடுகிறது. அளவுகோல் எங்கே நிற்கிறதோ, தீர்வும் அங்கேயே போய் நிற்கும். எதை அளப்பது என்பதில் மக்களுக்குப் பங்கில்லாமல், மதிப்பெண் போடுவதில் மட்டும் பங்கு கொடுத்தால் அதை நான் மக்கள் பங்கேற்பு என்று ஏற்க மாட்டேன்.

வரைபடத்தில் இடம் போதவில்லை

அடுத்தது பயிலரங்குகள். எனக்கு இந்த முயற்சியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மேசைமேல் வட்டாரத்தின் பெரிய வரைபடம். சுற்றிலும் சிலர்: ஒரு மேயர், ஒரு விவசாயி, ஒரு கட்டுநர், ஒரு குடும்பத்தலைவி. அவர்கள் கையில் சிறு காகித வில்லைகள். வரப்போகும் 10 லட்சம் பேருக்குத் தேவைப்படும் நிலத்தை, வரைபடத்தின் அளவுக்கு ஏற்ப வெட்டிய துண்டுகள் அவை. அப்போது வீடுகள் கட்டப்பட்ட அதே அடர்த்தியில்தான் முதலில் கொடுக்கப்பட்டன. வேலை எளிது: எல்லா வில்லைகளையும் வரைபடத்தில் வைத்துவிடுங்கள்.

வைக்க ஆரம்பித்தால் வயல் போய்விடும். வயலை விட்டால் மலைச்சரிவு போய்விடும். அதையும் விட்டால் ஏரிக்கரைச் சதுப்பு நிலம். கையில் இன்னும் வில்லைகள் மிஞ்சியிருக்கும். அப்போதுதான் யாராவது ஒருவர் ஒரு வில்லைமேல் இன்னொன்றை அடுக்குவார். அடர்த்தி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கக்கூடிய ஒருவர், தன் கையாலேயே அடர்த்தியை உருவாக்கிவிடுகிறார். நிபுணர் ஒருவர் மேடையேறி அதையே சொல்லியிருந்தால் அரங்கில் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.

பீட்டர் கால்தார்ப், ஜான் ஃப்ரெகோனீஸ் ஆகிய இரு திட்டமிடல் வல்லுநர்கள் இந்தப் பணியில் ஆலோசகர்களாக இருந்தார்கள். எங்கே வளர்வது என்று ஒரு சுற்று, எப்படி வளர்வது என்று இன்னொரு சுற்று. இரண்டாவதில் வில்லைகளிலேயே வகைகள் இருந்தன: நகர மையம், சிறு கிராமம், தனி வீடுகள் என்று. மக்கள் வைத்துவிட்டுப் போன வரைபடங்களைத் தொகுத்துத்தான் அடுத்த கட்ட வேலை நடந்தது.

நான்கு வரைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை

அடுத்த கட்டம், 2020இல் இந்த வட்டாரம் எப்படி இருக்கலாம் என்ற நான்கு வரைவுகள். 'ஏ' என்பது பெரிய மனைகள், காரை நம்பிய பரவல். 'பி' என்பது ஊராட்சிகளும் நகராட்சிகளும் அப்போது வைத்திருந்த திட்டங்களை அப்படியே தொடர்வது. 'சி' நடந்து போகக்கூடிய குடியிருப்புகள், ரயில் பாதையை ஒட்டிய வளர்ச்சி. 'டி' அதையே இன்னும் அடர்த்தியாகச் செய்வது.

நான்கையும் ஒரே அளவுகோல்களால் அளந்தார்கள்: எவ்வளவு புது நிலம் கட்டடமாகும், சாலைக்கும் குழாய்க்கும் எவ்வளவு செலவாகும், காற்று எப்படி இருக்கும், தண்ணீர் எவ்வளவு வேண்டும், என்ன வகை வீடுகள் கிடைக்கும். 'ஏ' வரைவில் புதிதாகக் கட்டடமாகும் நிலம் 409 சதுர மைல், 'பி'யில் 325, 'சி'யில் 126, 'டி'யில் 85. உள்கட்டமைப்புச் செலவு 'ஏ'வுக்கு 3,760 கோடி டாலர், 'பி'க்கு 2,980 கோடி, 'சி'க்கு 2,210 கோடி, 'டி'க்கு 2,300 கோடி.

கடைசி இரண்டு எண்களைக் கவனியுங்கள். மிக அடர்த்தியான 'டி'தான் மிக மலிவு என்று வரவில்லை. நிலம் மிச்சமாகிறது, ஆனால் செலவு 'சி'யைவிடக் கொஞ்சம் கூடுகிறது. அடர்த்தி கூடக்கூட எல்லாமே நல்லது என்று காட்டும் ஆசையில் யாரும் கணக்கை வளைக்கவில்லை என்பதற்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பாதையிலும் ஒன்றைப் பெற்றால் ஒன்றை விட வேண்டும் என்று மக்களுக்குக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு தேர்வு செய்யச் சொன்னார்கள். திருப்திக் கணக்கெடுப்பில் இது நடப்பதே இல்லை. "பூங்கா வேண்டுமா?" என்றால் வேண்டும். "அகலமான சாலை வேண்டுமா?" என்றால் அதுவும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று யாரும் சொல்லாதபோது வேண்டாம் என்று ஏன் சொல்லப்போகிறார்கள்?

1999 ஜனவரியில் செய்தித்தாள்களோடு ஐந்து லட்சத்துக்கும் மேலான வினாத்தாள்கள் வீடுகளுக்குப் போயின. திரும்பி வந்த பதில்கள் சுமார் 17,500. பெரும்பான்மை 'சி' பக்கமும், அடுத்தபடியாக 'டி' பக்கமும் சாய்ந்தது. 'ஏ'வை விரும்பியவர்கள் மிகச் சிலர். அந்த ஆண்டின் இறுதியில் இந்தத் தேர்வின் அடிப்படையில் 'தரமான வளர்ச்சி உத்தி' வெளியானது. நடப்புப் போக்கோடு ஒப்பிட்டால் 171 சதுர மைல் நிலமும் 450 கோடி டாலர் உள்கட்டமைப்புச் செலவும் மிச்சமாகும் என்பது அதன் கணக்கு.

சரி, 17,500 பேர் என்பது 17 லட்சத்தில் நூற்றுக்கு ஒருவர். அதுவும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. செய்தித்தாள் வாங்கி, வினாத்தாளைப் பிரித்து, பொறுமையாக நிரப்பி அனுப்பியவர்கள். இரண்டு வேலை பார்க்கிற வாடகைக்காரர், ஆங்கிலம் தடுமாறும் குடியேறிகள், இருபது வயதுப் பிள்ளைகள் இதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தாமாக முன்வந்து பதில் சொல்பவர்களின் கருத்தை வட்டாரத்தின் கருத்து என்று எடுத்துக்கொள்ளும்போது இந்த இடைவெளி இருக்கவே செய்யும். பதில் எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் மட்டும் அது அடைபடாது. இந்த முயற்சியை மெச்சுகிற கட்டுரைகள் பலவும் 17,500 என்ற எண்ணைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நான் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவே விரும்புகிறேன்.

பலித்தவை

டிராக்ஸ் என்ற இலகு ரயிலின் முதல் தடம், சால்ட் லேக் சிட்டி மையத்திலிருந்து தெற்கே சாண்டி வரை, 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. அது உத்திக்கு முன்பே தொடங்கிய வேலை, அதை என்விஷன் யூட்டாவின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் 2000 நவம்பரில் நடந்ததை எழுதலாம். சால்ட் லேக், டேவிஸ், வீபர் கவுண்டிகளின் வாக்காளர்கள் பொதுப் போக்குவரத்துக்கான வரியை ஏற்றுக்கொண்டார்கள். எட்டே ஆண்டுகளுக்கு முன் சால்ட் லேக் கவுண்டி மக்கள் வேண்டாம் என்று தள்ளிய அதே யோசனை. ரயில் ஓடுவதைக் கண்ணால் பார்த்ததும் ஒரு காரணம், இத்தனை ஆண்டுப் பேச்சும் ஒரு காரணம். எது எத்தனை பங்கு என்று பிரிக்க வழியில்லை. 2008இல் ஆக்டனிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு ஃப்ரண்ட்ரன்னர் புறநகர் ரயில் வந்தது, 2012இல் அது தெற்கே ப்ரோவோ வரை நீண்டது. சவுத் ஜோர்டனில் சுரங்க நிறுவனமொன்றின் நிலத்தில் 2004 முதல் எழுந்த டேபிரேக் என்ற புதுக் குடியிருப்பு, நடந்து போகக்கூடிய ஊர் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்டது. 2011இல் ரயிலும் அங்கே போய்ச் சேர்ந்தது.

2015இல் முடிந்த 'உங்கள் யூட்டா, உங்கள் எதிர்காலம்' என்ற அடுத்த சுற்று மாநிலம் முழுவதையும் தழுவியது. 50,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். இந்த முறை எதிர்கால வரைவுகளுக்கு மாநிலச் சின்னங்களின் பெயர்களை வைத்தார்கள்: அலோசாரஸ் என்ற டைனோசர், பான்வில் மீன், ஆஸ்பென் மரம், சீகோ மலர், கடற்பறவை. சின்ன விஷயம்தான், ஆனால் நல்ல யோசனை. 'பசுமை வளர்ச்சி', 'வழக்கமான வளர்ச்சி' என்று பெயர் வைத்தாலே பாதித் தீர்ப்பை எழுதிக் கொடுத்ததாகிவிடும். மீனா மரமா என்று கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துத்தான் ஆக வேண்டும்.

ஹாலடேயில் என்ன நடந்தது

பலிக்காததைத் தெரிந்துகொள்ள 2018க்கு வர வேண்டும்.

சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே உள்ள ஹாலடேயில் காட்டன்வுட் மால் என்ற பழைய வணிக வளாகம் இடிக்கப்பட்டு, நிலம் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது. ஊருக்கு நடுவே, ஏற்கெனவே சாலையும் குழாயும் உள்ள இடம். அங்கே அடுக்குமாடிகளும் வீடுகளும் கடைகளும் கலந்த திட்டம் ஒன்றுக்கு நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. 'சி' வரைவு எதைச் சொன்னதோ, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஊர் மக்கள் கையெழுத்து திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய், 2018 நவம்பரில் அந்தத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். அதே ஆண்டில் பள்ளத்தாக்கின் தென்மேற்கில், ஹெரிமன் அருகே திட்டமிடப்பட்ட ஒலிம்பியா ஹில்ஸ் என்ற பெரிய குடியிருப்புக்குக் கிளம்பிய எதிர்ப்பில், கவுண்டி மேயர் அதைத் தடுத்து ஆணையிட வேண்டியதாயிற்று.

வட்டார அளவில் கேட்டால் அடர்த்தி சரி. என் தெருவில் கேட்டால் வேண்டாம். இதைப் பார்த்து மக்கள் இரட்டை வேடம் போடுகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். வட்டார வரைபடத்தில் நன்மையும் இழப்பும் எல்லோருக்குமாகப் பரவித் தெரிகின்றன. ஹாலடேயில் நெரிசல் அந்தத் தெருவுக்கு, நன்மையோ இன்னும் வந்து சேராத யாருக்கோ. அங்கே குடிவந்திருக்கக்கூடியவர்களுக்கு அந்த ஊரில் வாக்கு கிடையாது. 1999இல் கேட்ட கேள்விகள் 'நம் வட்டாரம்' என்ற உயரத்திலேயே நின்றுவிட்டன. உங்கள் வீட்டிலிருந்து அரை மைலுக்குள் என்ன வரலாம் என்று அதே மனிதரை அதே நேரத்தில் கேட்டிருந்தால், இந்த முரண் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வினாத்தாளில் தெரிந்திருக்கும்.

இடைப்பட்ட காலத்தில் வீட்டு விலை எகிறிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 32.7 லட்சம். வரைபடத்தில் காகித வில்லைகளாக வைக்கப்பட்ட அந்தப் பேரப்பிள்ளைகள் பெரியவர்களாகி வீடு தேடுகிறார்கள். மலிவு விலை வீடு என்பது முதல் உத்தியிலேயே ஒரு குறிக்கோளாக இருந்தது. ஆனால் அதற்கு நகராட்சிகளைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் கூடவே வரவில்லை. தானாக விரும்பிச் செய்வது என்ற முறை, நிலத்தையும் ரயிலையும் பொறுத்தவரை ஓரளவு வேலை செய்தது. வீட்டு விஷயத்தில் அது போதவில்லை.

2022இல்தான் சட்டம் கொஞ்சம் இறுகியது. ரயில் நிலையம் உள்ள நகரங்கள், நிலையத்தைச் சுற்றி அரை மைல் பரப்புக்கு ஒரு திட்டம் தயாரித்தாக வேண்டும் என்று மாநிலம் விதித்தது. இந்தத் திட்டங்களுக்காக மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, அரை மைல் என்ற அந்த அளவு எனக்கு நம்பிக்கை தருகிறது. அது வட்டாரம் போல எட்டாத உயரத்திலும் இல்லை, ஒரே தெருவுக்குள் அடைபட்டும் இல்லை. அங்கே கூடுதலாக இரண்டு காரியங்கள் செய்யலாம். ஒன்று, கூட்டத்துக்கு வருபவர்களோடு நிறுத்தாமல், தற்செயல் முறையில் வீடுகளைத் தேர்ந்து வாடகைக்காரர்களையும் சேர்த்துக் கேட்பது. மற்றது, அந்த நிலையத்தில் தினமும் இறங்கி வேலைக்கு வருகிறவர்களை, அதாவது இங்கே வாழ முடியாமல் தொலைவிலிருந்து வருகிறவர்களை, நடைமேடையிலேயே கேட்பது. அங்கே இன்னும் குடிவராதவர்களின் குரலுக்கு மிக அருகில் நிற்பவர்கள் அவர்கள்தான்.